இரண்டு நாள் பயிற்சி கொடுத்தும் டீச்சர் ஏன் மாறவில்லை?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனம் ஒரு வட்டாரத்தில் 14 அங்கன்வாடி மையங்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் உணர்வு வளர்ச்சி, பிறரோடு பழகும் திறன் பற்றி டீச்சர்களுக்கு 2 நாள் பயிற்சி கொடுத்தோம். ரசித்துக் கேட்டார்கள், குறிப்பெடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பழைய கதைதான். ஒரு டீச்சர், "அழுதா வெளிய கொண்டுபோய் நிறுத்திடுவேன், தானா அடங்கும்" என்கிறார். மறுபடி ஒரு பயிற்சி வைக்கலாமா? வேறு வழி உண்டா?

பதில்:

மறுபடி பயிற்சி வைக்க வேண்டாம். மண்டப வாடகைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆகும் பணத்தை ஒருவரின் பஸ் செலவுக்கு ஒதுக்கி, அவரை மாதம் இரண்டு தடவை மையங்களுக்கு அனுப்புங்கள். அங்கே போய் அவர் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் மூன்று வருடம் நானும் உங்களைப் போல முகாம்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

உங்கள் பயிற்சி அறையில் அழுகிற பிள்ளை ஒன்றுகூட இருந்திருக்காது. மின்விசிறி, டீ, மடியில் நோட்டு, பக்கத்தில் பழகிய தோழி. அங்கே "பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் எந்த டீச்சரும் சரியாகவே சொல்வார்: "கிட்ட உக்காந்து என்னன்னு கேப்பேன் மேடம்." அந்த நிமிடத்தில் அதை நம்பித்தான் சொல்கிறார். மையத்தில் காலை பதினொன்றரை மணி என்பது வேறு உலகம். 22 பிள்ளைகள். ஆயா அடுப்படியில். போஷண் டிராக்கர் என்கிற அரசுச் செயலியில் பதிவு ஏறவில்லை என்று மேலிருந்து போன். மூலையில் ஒருவன் இன்னொருவன் தலையில் கட்டையால் ஒன்று வைத்துவிட்டான். அப்போது டீச்சரின் வாயில் வருவது, சின்ன வயதில் அவரையே அதட்டி உட்கார வைத்த யாரோ ஒருவரின் குரல். "ஏய், கைய கட்டு! வாய் மேல விரல் வை!" முப்பது வருடம் ஊறிய குரலை உங்கள் 2 நாள் எப்படி மாற்றும்?

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 2018இல் மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் ஆகிய மூவரும், ஆசிரியர்களுக்குத் தனித்தனியாக உடனிருந்து வழிகாட்டும் திட்டங்களைப் பற்றிய 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் முறையில் வந்த முன்னேற்றம் சராசரியாக 0.49 திட்ட விலக்கம் (வெவ்வேறு ஆய்வுகளின் பலனை ஒப்பிட உதவும் புள்ளியியல் அலகு). கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். மாணவர் தேர்ச்சியில் 0.18. அதே ஆய்வில் பலரும் கண்டுகொள்ளாத இன்னொரு செய்தியும் இருக்கிறது: திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் மெலிந்துபோகிறது. ஆக, 14 மையம்தான் என்பது உங்களுக்குக் குறையே இல்லை.

மழலையர் வகுப்புக்கென்றே வந்ததில் நான் அதிகம் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவில் லைஸ் ஃபாக்ஸ், மேரி லூயிஸ் ஹெமெட்டர் முதலானோர் 2003இல் முன்வைத்த பிரமிடு மாதிரி. பிரமிடின் அடியில் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டியது: டீச்சரோடு ஒட்டுதல், இன்னதற்குப் பிறகு இன்னது என்று தெரிகிற அன்றாட ஒழுங்கு. நடுவில், உணர்வைச் சொல்லவும், பங்கிடவும், காத்திருக்கவும் நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது. உச்சியில், எதற்கும் அடங்காத ஓரிரு பிள்ளைகளுக்கான தனிக் கவனம். நம் டீச்சர்கள் நம்மைப் பார்த்ததும் கேட்பது எப்போதும் உச்சியைப் பற்றித்தான். "மேடம், இந்தப் பையன ஒண்ணும் பண்ண முடியல." ஐந்தில் நாலு தடவை கோளாறு அடித்தளத்தில் இருக்கும்.

இதை வகுப்புக்குள் கொண்டுவர, அவர்களே பேட்ரிசியா ஸ்னைடருடன் சேர்ந்து ஒரு வழிகாட்டும் முறையையும் வகுத்தார்கள். டீச்சரோடு பேசி ஒரு குறி, அதாவது இலக்கு, வைப்பது, அதை மட்டும் கவனித்துப் பார்ப்பது, பார்த்ததை வைத்து அவரோடு பேசுவது, மறுபடி குறி வைப்பது. அவ்வளவுதான். அமெரிக்காவில் 1965 முதல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக நடக்கும் ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில், இப்படி உடனிருந்து வழிகாட்டும் ஏற்பாடு இருந்தாக வேண்டும் என்று 2016இல் விதியே வந்துவிட்டது. அதற்கு முன்பே, 2005இல், யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் ஒரு விஷயத்தைக் காட்டியிருந்தார்: அங்கே அரசு நிதியில் நடக்கும் மழலையர் வகுப்புகளிலிருந்து "உங்கள் பிள்ளை வேண்டாம்" என்று வெளியேற்றும் விகிதம், பெரிய பள்ளிகளைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். ஆலோசகர் ஒருவர் வகுப்புக்கு வந்துபோகும் இடங்களில் அது குறைவு. நம் ஊரில் மூன்று வயதுப் பிள்ளையை யாரும் காகிதத்தில் நீக்குவதில்லை. "கொஞ்ச நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறோம். கணக்கில் வராது.

சரி, நீங்கள் அனுப்பும் ஆள் போய் இறங்கியதும் என்ன நடக்கும்? வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வரிசையில் உட்கார வைக்கப்படுவார்கள். "வணக்கம் மேடம்" என்று ராகம் போடுவார்கள். சுவரில் அதுவரை சுருட்டி வைத்திருந்த படம் தொங்கும். டீச்சர் பார்வையாளர் பதிவேட்டை நீட்டுவார். 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து, மையத்துக்குள் வருகிற வெளியாள் என்றால் ஆய்வுக்கு வந்தவர் என்றுதான் அர்த்தம். அரை நூற்றாண்டுப் பழக்கம் இது. டீச்சரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வுக்கு வந்தவர் முன்னால் யாரும் தன் பிரச்சினையைக் காட்ட மாட்டார்கள். அடித்து மிரட்டுகிற டீச்சர் அன்றைக்குக் கொஞ்சுவார். நீங்கள் பார்ப்பது நாடகம்.

அதனால் முதல் இரண்டு வருகைக்கு நோட்டு, பேனா, செல்போன் எதையும் வெளியே எடுக்காதீர்கள். பதிவேட்டில் எழுதச் சொன்னால் பெயரும் தேதியும் மட்டும். நாற்காலி போட்டால் வேண்டாம் என்று தரையில் உட்காருங்கள். சாப்பாட்டு நேரம் என்றால் தட்டுகளை எடுத்துவைக்க உதவுங்கள். முட்டை நாளாக இருந்தால் நாலு பிள்ளைக்கு முட்டை உரித்துக் கொடுங்கள். முட்டை உரித்தபடி கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில், மேசை போட்டுக் கேட்டபோது எனக்குக் கிடைத்ததே இல்லை. நான் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டுக்குப் போன பிறகும் உங்க மனசுல ஓடிட்டே இருக்கிற பிள்ளை யாரு டீச்சர்?" யாராவது ஒரு பிள்ளை இருக்கும். வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

குறி என்று சொன்னேனே, அது சின்னதாக இருக்க வேண்டும். கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். டீச்சர் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். "பிள்ளைகளின் உணர்வுகளை மதிப்பேன்" என்பது குறி ஆகாது. அது சுவரில் ஒட்டுகிற வாசகம். "காலையில் வாசலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குனிந்து முகம் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்" என்பது குறி. "விளையாட்டு முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் முன் ஒரு பாட்டுப் பாடி முன்னாலேயே தெரியப்படுத்துவேன்" என்பது குறி. அழுகை, அடிதடி, உருண்டு புரளல் எல்லாம் அதிகம் நடப்பது இந்த மாறும் நேரங்களில்தான். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று பிடுங்கி நடப்பட்டால் நமக்கே எரிச்சல் வரும். தமிழ்நாட்டு மையங்களின் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் பாட்டுக்கும் கதைக்கும் குறைவில்லை. அவற்றிலேயே ஒன்றைச் சாப்பாட்டுப் பாட்டு, ஒன்றைக் கைகழுவும் பாட்டு என்று நிலையாக வைத்துக்கொண்டால் போதும்; புதிதாக எதையும் அச்சடிக்க வேண்டாம்.

மூன்றாவது வருகையில்தான் கவனிப்பது. இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். "டீச்சர் பொறுமையில்லாமல் நடந்துகொண்டார்" என்பது தீர்ப்பு. "10.42, 'எத்தனை தடவை சொல்றது' என்றார்" என்பது பதிவு. 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறில் பயிற்சி நடத்த வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் ஆசிரியர்களிடம் முதலில் எதிர்பார்த்த திறமை, கையைக் கட்டிக்கொண்டு பிள்ளையைப் பார்ப்பது. பிள்ளையைப் பார்ப்பதே கடினம். டீச்சரைத் தீர்ப்பில்லாமல் பார்ப்பது அதைவிடக் கடினம். எனக்கு இன்றைக்கும் கை துறுதுறுக்கும்.

ஒரு மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல டீச்சர், குரல் மட்டும் உயரம். இருபது நிமிடத்தில் அவர் பிள்ளைகளிடம் பேசியதை எல்லாம் கோடு கிழித்து எண்ணினேன். "செய்யாத, போகாத, தொடாத, பேசாத" வகை 19. "ஏய்" என்று தொடங்கியவை 8. ஒரு பிள்ளை செய்ததைப் பார்த்து, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது 2. அந்தத் தாளை அவரிடம் நீட்டி, "இதப் பாருங்க டீச்சர், உங்களுக்கு என்ன தோணுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவதுதான் இந்த வேலையில் பாதிச் சம்பளத்துக்கான உழைப்பு. ஒரு நிமிடம் போனது. "வீட்ல என் பையன்கிட்டயும் இப்படித்தான் பேசுறேன் போல" என்றார். அடுத்து என்ன குறி என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "'செய்யாத'ங்கிறத 'இப்படிச் செய்யி'ன்னு மாத்திப் பாக்கட்டுமா?" ஓடாத என்பது நடந்து வா ஆனது. கத்தாத என்பது மெதுவாச் சொல்லு ஆனது. ஆறு வாரத்தில் 19 என்பது 7 ஆனது. அதற்குள் 'மேடம்' போய் 'அக்கா' ஆகியிருந்தேன்.

டீச்சரின் போனிலேயே நாற்பது நொடி வீடியோ எடுத்து, இருவரும் சேர்ந்து பார்ப்பதும் நன்றாக வேலை செய்யும். அவர் போனில்தான், உங்கள் போனில் வேண்டாம். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பார்த்ததும் அவர் கையாலேயே அழித்துவிட வேண்டும். எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது. ஒரே ஒரு தடவை போனால்கூட அந்த வட்டாரத்தில் உங்கள் வேலை முடிந்தது.

"முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் ஒரு பாராட்டு" என்று பயிற்சிகளில் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாலு தடவை கேட்டதும் டீச்சர்கள் பிடித்துவிடுகிறார்கள். பாராட்டு வந்ததுமே "அடுத்து என்ன வரப்போகுதோ" என்று முகம் இறுகிவிடும். பார்த்ததைச் சொல்லுங்கள்: "அந்தப் பாப்பா கீழ விழுந்தப்ப நீங்க தூக்கல. பக்கத்துல உக்காந்தீங்க. அதுவே எழுந்து உங்க மடிக்கு வந்துச்சு." இதைக் கேட்கும்போது டீச்சர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பிள்ளையிடம் அவர் எப்படிப் பேச வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோமோ, அதே பேச்சை அவர் முதலில் நம்மிடமிருந்து கேட்டாக வேண்டும். உங்கள் 2 நாள் பயிற்சியில் யாராவது தாமதமாக வந்தபோது, போன் அடித்தபோது, மேடையில் இருந்தவர் என்ன சொன்னார்? யோசித்துப் பாருங்கள். மண்டபத்திலிருந்து மையத்துக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் அந்தத் தொனிதான்.

செய்து காட்டுங்கள், தோற்றும் காட்டுங்கள். ஒரு மையத்தில் மூன்று வயதுப் பையன் டம்ளரை வீசிக்கொண்டிருந்தான். நான் பெரிய ஆள் போலக் குனிந்து, கண் பார்த்து, "உனக்குக் கோவமா வருதா கண்ணா?" என்றேன். மீதித் தண்ணீரையும் என் முகத்தில் ஊற்றினான். டீச்சரும் ஆயாவும் சிரித்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அன்றைக்குத்தான் அந்த டீச்சர் தன்னால் முடியாத விஷயங்களை எல்லாம் என்னிடம் சொல்லத் தொடங்கினார்.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உணர்வுக்குப் பெயர் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று பல இடங்களில் வட்ட முகங்கள் போட்ட அட்டை மாட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சி, சோகம், அச்சம், வியப்பு, விரக்தி. மூன்று வயதுப் பிள்ளையை விடுங்கள், அதன் பாட்டிகூட "எனக்கு விரக்தியா இருக்கு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அட்டையை வைத்து "இது என்ன? சோகம்" என்று அ, ஆ போல ஒப்பிக்க வைக்கிறார்கள். பிள்ளைகள் வாழும் சொற்கள் வேறு. கோவம், பயம், வெக்கம், ஆசை, எரிச்சல், "ஏமாந்துட்டேன்", "அம்மாவைத் தேடுது", "மனசு கஷ்டமா இருக்கு". வீம்பு, ரோஷம், கோவிச்சுக்கிறது, ஏக்கம் எல்லாம் தனித்தனி உணர்வுகள். வட்டமுக அட்டையில் இவற்றுக்கு இடமே இல்லை. 'ஏக்கம்' ஒன்று போதும். அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும். நீங்கள் போகும் ஊரில் பிள்ளைகளும் பாட்டிகளும் எதைச் சொல்கிறார்களோ அதை டீச்சரும் ஆயாவும் சேர்ந்து ஒரு சாயங்காலம் பட்டியல் போடட்டும். பிறகு, சம்பவம் நடக்கும் அந்த இடத்திலேயே, சொல்லையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிப் பழகட்டும்: "உனக்கு அந்த வண்டி வேணும். அவன் தரல. அதான் கோவம் வந்துடுச்சு." மூன்றே வாக்கியம். இதில் அறிவுரை கிடையாது. கவனியுங்கள், "ஆனா அடிக்கலாமா?" என்பது நாலாவதாக ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். அழுகை தணிந்த பிறகு அதைச் சொல்லிக்கொள்ளலாம். அழுகிறபோது அது காதில் ஏறாது.

கோபம் வரும்போது ஓட்டுக்குள் ஒடுங்கும் ஆமை போல நின்று, மூச்சு இழுத்து விட்டு, பிறகு வெளியே வரச் சொல்லித்தரும் ஒரு பழைய உத்தி மேல்நாட்டு வகுப்புகளில் உண்டு. நல்ல உத்தி. ஓர் ஊரில் அதைக் கொண்டுபோனபோது டீச்சர் தயங்கினார். "ஆமை புகுந்த வீடுன்னு பழமொழி இருக்கே மேடம், படத்த மாட்டினா பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க." நான் வாதாடவில்லை. ரெண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். மையத்துக்குப் பின்னால் தொட்டாற்சிணுங்கி மண்டிக் கிடக்கிறது, அதை வைத்துச் சொல்லித்தரட்டுமா என்று. பிள்ளைகள் இலையைத் தொட்டார்கள், மூடியது. சத்தம் போடாமல் சுற்றி உட்கார்ந்து அது விரிகிறவரை காத்திருந்தார்கள். பிறகு கையைக் குவித்து நெஞ்சோடு வைத்து, மெல்ல விரித்துப் பழகினார்கள். ஆமைப் பொம்மையால் இதற்குப் பாதிகூட வந்திருக்காது. ஒரு விஷயம் முக்கியம்: இதைச் சொல்லித்தர வேண்டியது எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில். பிள்ளை உருண்டு அழும்போது "எங்கே தொட்டாற்சிணுங்கி பண்ணு" என்றால் அது இன்னொரு அதட்டல்தான்.

சண்டை தீர்ப்பதிலும் அப்படித்தான். "சாரி சொல்லு" என்று பிடித்து நிறுத்தினால், முறைத்தபடி "சாரி" என்று முனகிவிட்டு ஓடுகிறார்கள். அதில் யார் எதைக் கற்றார்கள்? நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே காய், பழம் இருக்கிறது. காய் விடுவதற்கு ஒரு சைகை, பழம் விடுவதற்கு ஒரு சைகை. இப்போதைக்குப் பேச மாட்டேன், ஆனால் திரும்பி வர வழி இருக்கிறது என்பதை நாலு வயதிலேயே கையால் சொல்லிவிடுகிறார்கள். பெரியவர்கள் அதைக் கேலியாகப் பார்க்கிறோம். ஒரு டீச்சரிடம், "காய் விட்டவங்களை உடனே சேத்து வைக்காதீங்க, ஏன் காய்னு மட்டும் ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க, பழம் எப்பன்னு அவங்களே சொல்லட்டும்" என்றேன். அடுத்த தடவை போனபோது ஒரு குட்டிப்பெண் என்னிடம் வந்து, "இவகூட நான் காய். சாப்ட்ட பிறகு பழம்" என்று அறிவித்துவிட்டுப் போனாள்.

ஆயாவை விட்டுவிடாதீர்கள். நான் செய்த பெரிய தப்பு இது. கடிக்கிற பையன் ஒருவனைப் பற்றி டீச்சரோடு மூன்று தடவை உட்கார்ந்து திட்டம் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது தடவை, பாத்திரம் துலக்கியபடி ஆயா சொன்னார்: "அவன் காலைல சாப்டாம வர்றான் மேடம். அவங்கம்மா அஞ்சு மணிக்கே பூப்பறிக்கப் போயிடுது. பதினோரு மணிக்கு மேலதான் கடிப்பான், நீங்க பாத்ததில்லையா?" பார்த்ததில்லை. நான் எப்போதும் பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குக் கிளம்பிவிடுவேன். அவனுக்குக் காலையிலேயே ஒரு சத்துமாவு உருண்டை. யாராவது அவன் பொம்மையைப் பிடுங்கினால் கடிப்பதற்குப் பதில் சொல்ல "என்னுது, குடு" என்று ரெண்டு சொல். பேச்சு சரியாக வராத வயதில் பல்தான் பேசும். பசி ஒரு பக்கம், சொல் இல்லாதது ஒரு பக்கம். ரெண்டும் சேர்ந்துதான் கடி. மூன்று வாரத்தில் வெகுவாகக் குறைந்தது. அதற்குப் பிறகு நான் எந்தத் திட்டமும் ஆயா இல்லாமல் போடுவதில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. எடை பார்ப்பது, மாவு கொடுப்பது, தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது, பதிவேடு, செயலி, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலை என்று அத்தனையும் ஒருவர் தலையில். அவரிடம் போய் "ஒவ்வொரு பிள்ளையின் உணர்வையும் கவனியுங்கள்" என்றால் அவர் நம்மைக் கைநீட்டி அடிக்காததே பெரிய உணர்வுக் கட்டுப்பாடு. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் நாலு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்து, அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் கூடுதலாக ஒருவரை அரை நாள் வேலைக்குப் போட்டு, பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை அவரிடம் விட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது, ஏனென்றால் பழைய டீச்சருக்கு அந்த வேலைக்கு நேரம் கிடைத்தது. அவர்கள் அளந்தவற்றில் கோபமும் ஏக்கமும் இல்லை. ஆனாலும் கை ஒன்று கூடினால் என்ன நடக்கும் என்று அது காட்டுகிறது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'போஷண் பி, படாயி பி' (ஊட்டச்சத்தும், படிப்பும்) திட்டத்திலும் டீச்சர்களுக்கு முகாம் பயிற்சி உண்டு. முகாமுக்கு அடுத்த வாரம் மையத்துக்கு யார் போய் உட்காருவது என்ற இடத்தில்தான் உங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது. உங்களால் ஆள் போட முடியாது. சம்பளம் கூட்ட முடியாது. டீச்சர் அதைப் பற்றிப் புலம்பினால் கேளுங்கள். "அதெல்லாம் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்ட பிறகு, நாளில் எந்த அரை மணி நேரம் போன் வராது என்று சேர்ந்து தேடுங்கள். குறியை அந்த அரை மணிக்குள் வையுங்கள்.

யாரை அனுப்புவது என்பதிலும் கவனம். மதிப்பெண் போடுகிறவர், மேலிடத்துக்கு அறிக்கை எழுதுகிறவர், இந்த வேலைக்கு ஆக மாட்டார். வட்டார மேற்பார்வையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையில் குறிப்பாணை இருக்கிறது. நீங்கள் வெளியாள் என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். டீச்சரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இங்கே பார்ப்பது, பேசுவது எதுவும் வெளியே போகாது, ஒன்றைத் தவிர. பிள்ளையை அடிப்பதைப் பார்த்தால், காயப்படுத்துவதைப் பார்த்தால், நான் சும்மா இருக்க மாட்டேன். முதலில் உங்களிடம் சொல்வேன், பிறகு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன். இதை முன்னாலேயே சொல்லாமல் பின்னால் செய்தால் துரோகம் ஆகிவிடும். ஒருவருக்கு எட்டு, பத்து மையத்துக்கு மேல் தாங்காது. பதினாலில் விருப்பப்பட்டு வரும் ஐந்து பேரிலிருந்து தொடங்குங்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்து வருவார்கள், வராவிட்டாலும் பரவாயில்லை.

பலன் தெரிகிறதா என்று அளக்கப் பிள்ளைகளுக்கு மார்க் போட வேண்டாம். "பகிர்ந்துகொள்கிறான்: 3/5" என்று எழுதிய ஓர் அட்டையை ஒரு தனியார் மழலையர் பள்ளியில் பார்த்து நொந்திருக்கிறேன். நான் பார்ப்பது இவ்வளவுதான்: அழுகிற பிள்ளை டீச்சரை நோக்கி ஓடுகிறதா, டீச்சரிடமிருந்து விலகி ஓடுகிறதா. அழுகை தணிய ஆகும் நேரம் குறைகிறதா. "எனக்கு இன்னைக்குத் தலவலி, கொஞ்சம் எரிச்சலா இருக்கேன், மெதுவாப் பேசுறீங்களா?" என்று டீச்சர் தன் நிலையைப் பிள்ளைகளிடம் சொல்கிறாரா. கடைசியாகச் சொன்னது நடந்துவிட்டால் வேறு அளவுகோலே வேண்டாம்.

இனி, வெளியே நிறுத்தும் அந்த டீச்சர். அவரிடம் "அப்படிச் செய்யக் கூடாது" என்று தொடங்காதீர்கள். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது: வெளியே நிறுத்தினால் அடங்கத்தான் செய்கிறது. எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது, அன்றைக்கே அந்தப் பிள்ளை மறுபடி எத்தனை தடவை அழுகிறது என்று ஒரு வாரம் குறித்துவைக்க முடியுமா என்று கேளுங்கள். அவருக்கே ஆர்வம் வரும். அடுத்த வாரம் அதே பிள்ளையை உள்ளேயே, ஆயா பக்கத்தில், கையில் ஒரு கரண்டியோ டப்பாவோ கொடுத்து உட்கார வைத்துப் பார்க்கட்டும். அதையும் குறிக்கட்டும். எண்களை அவரே ஒப்பிடட்டும். பெரும்பாலும் இரண்டாவது வாரம் அழுகை உடனே நிற்காது, ஆனால் நாளில் இத்தனை தடவை என்பது குறையும். குறையாவிட்டால் அவர் பக்கம்தான் நியாயம் என்று ஒப்புக்கொண்டு வேறு ஏதாவது சேர்ந்து யோசியுங்கள்.

நீங்கள் போகும்போது இன்னொன்று செய்யுங்கள். அந்தப் பிள்ளையை நிறுத்தும் இடத்தில், வாசலுக்கு வெளியே, ஐந்து நிமிடம் நீங்களே நின்று பாருங்கள். பாட்டுச் சத்தம் உள்ளேயிருந்து எப்படிக் கேட்கிறது, யார் முகம் தெரிகிறது, யார் முகம் தெரியவில்லை என்று கவனியுங்கள். டீச்சரையும் ஒருநாள் அங்கே நிற்கச் சொல்லலாம். ஆனால் ஐந்தாறு தடவை போய்வந்து, அவர் உங்களை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு.